கல்லறை நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் பழைய கல்லறைகளில் காணப்படும் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொதுவான ராணுவச் சின்னமாகவே பலரும் எண்ணிவிடுகின்றனர். பச்சை பூத்த வெண்கலத்தில் ஜி.ஏ.ஆர். என்ற எழுத்துகளும், பின்புறம் கொடிக்கம்பைச் செருகும் குழலும் இருந்தால், அது உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றியோர் 1866-இல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் சங்கத்தின் அடையாளம்; கடைசி உறுப்பினர் 1956-இல் மறைந்ததோடு சங்கமும் முடிந்தது. மூன்று வளையச் சங்கிலி ஆட்ஃபெலோஸ் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தைக் குறிக்கும். கவராயமும் மூலைமட்டமும் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தாருடையவை.

ஆனால், கல்லில் செதுக்கியதை நம்பும் அளவுக்கு மண்ணில் குத்திய சின்னத்தை நம்பலாகாது. புல் வெட்டுவோர் அதைப் பிடுங்கி அடுத்த கல்லருகே நட்டுவிடுவதுண்டு. இரண்டு வயதில் இறந்த குழந்தையின் கல்லருகே அந்த நட்சத்திரத்தை நானே கண்டிருக்கிறேன். முன்னோரைத் தேடுவோர் படைப்பிரிவுப் பதிவேட்டையும் ஓய்வூதிய ஆவணத்தையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், பென்சில்வேனியா