உழவுக்கு முன் டயர் காற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விதை, உரம், டீசல் விலை என்று எல்லாமே உங்கள் பத்திரிகையில் வருகிறது, நல்ல விஷயம். ஆனால் டிராக்டர் டயரைப் பற்றி ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. வாடகை டிராக்டரை நம்பி உழுகிற சிறு விவசாயிக்கு அங்கேதான் காசு கரைகிறது.

எங்கள் பக்கம் ஒரே வண்டிதான் காலையில் டிரெய்லர் மாட்டி மணல், செங்கல் ஏற்றும், மதியம் கலப்பையோடு வயலுக்கு வரும். ரோட்டுக்கு அடித்த காற்றோடு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். பாரம் இழுக்க 20 பவுண்டுக்கு (psi, காற்றழுத்த அளவு) மேல் காற்று வேண்டும், சரி. உழவு வேலைக்கு, பின்பக்க டயரில் 12 முதல் 14 பவுண்டு இருந்தாலே பெரும்பாலும் போதும், வண்டியோடு தருகிற கையேட்டிலேயே இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும். காற்று அதிகமானால் டயர் உருண்டு நின்று, நடுப் பட்டன் (டயரில் மேடாக நிற்கிற ரப்பர் கட்டை) மட்டும்தான் மண்ணைப் பிடிக்கும், சக்கரம் வழுக்கும், டீசல் குடிக்கும். வாடகையோ மணிக்கணக்கு. வழுக்குகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் விவசாயி கொடுக்கிறார். அதோடு போவதில்லை, டயரில் எவ்வளவு அழுத்தமோ ஏறக்குறைய அதே அழுத்தம் மண்ணிலும் இறங்குவதால் களிமண் இறுகிவிடும், சம்பாவை அடுத்து அதில் வரும் உளுந்துக்கும் பயறுக்கும் வேர் இறங்காது.

வழுக்கலைக் கண்டுபிடிக்க சாக்பீஸ் போதும். பின் சக்கரத்தில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை வயலில் நேராக ஓட்டி, தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் குச்சி நடுங்கள். அப்புறம் பக்கத்திலேயே கலப்பையை இறக்கி, உழுதபடி அதே தூரம் போகும்போது எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். 11, 11½ என்றால் பரவாயில்லை. 12-ஐத் தாண்டினால் டயர் காற்றையோ வண்டியின் எடையையோ கவனிக்க வேண்டும்.

வண்டிக்கு எடை கூட்டப் பின் டயரில் தண்ணீர் நிரப்புகிறார்கள். வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தை வைத்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் டயர், அதற்கு மேல் கூடாது. 13.6-28 சைஸ் டயர் ஒன்றுக்கே 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். புழுதி உழவுக்கு இது நல்ல பிடிமானம். ஆனால் அதே தண்ணீரோடு சேற்றுழவுக்கு இறக்கினால் வண்டி அமுங்கத்தான் செய்யும், வருஷம் முழுக்க அப்படியே விட்டுவைப்பதுதான் தப்பு.

டயர் மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின்னால் மட்டும் வேறு சைஸ் போடவே போடாதீர்கள். முன், பின் சக்கரம் ஓடுகிற கணக்கு மாறி, முன் ஆக்சிலும் கியரும் அடி வாங்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கிற அம்புக்குறி வண்டி முன்னால் போகிற பக்கமாகச் சுழல்கிறதா என்று, பஞ்சர் கடையில் மாட்டி முடித்ததும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். திருப்பி மாட்டினால் பட்டனுக்குள் சேறு அடைத்துக்கொள்ளும்.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள். வாடகைக்கு அனுப்புகிற ஒவ்வொரு டிராக்டரிலும் காற்று பார்க்கிற கேஜ் ஒன்று இருக்கட்டும், இறங்கும் முன் எத்தனை பவுண்டு என்று டிரைவர் விவசாயியிடம் காட்டட்டும். தனியார் வண்டி வைத்திருப்பவர்களிடம் விவசாயிகளே கேட்கலாம், கேட்க வேண்டும். பணம் நம்முடையது, நிலமும் நம்முடையது.

— டெல்டா விவசாயி ஒருவர், திருவாரூர் மாவட்டம்