ஊசித் துப்பாக்கியை ஏன் கைவிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இதழில் ஒரு பழைய படம் வந்திருந்தது. அமெரிக்கப் படைவீரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஒவ்வொருவர் தோளிலும் வைத்து அழுத்துகிறார்கள். ஊசியே இல்லாமல் மணிக்கு ஆயிரம் பேருக்குத் தடுப்பூசி என்று கீழே இரண்டு வரி. அதே அமெரிக்கப் படை அந்தக் கருவியை 1997-இல் ஏன் நிறுத்தியது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பல வருடம் தடுப்பூசி முகாம்களில் வேலை பார்த்தவள் என்பதால் இதை விட்டுவிட மனசு வரவில்லை.

ஜெட் இன்ஜெக்டர் என்ற அந்தக் கருவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மருந்தை மிக அதிக அழுத்தத்தில் முடிபோல மெல்லிய தாரையாக்கித் தோலுக்குள் செலுத்தும். அதில் பெட்-ஓ-ஜெட் என்ற வகையைக் காலால் மிதித்தே இயக்கலாம், மின்சாரமே வேண்டாம். அதனால்தான் 1967-இல் தொடங்கி மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெரியம்மையை ஒழிக்க அது அவ்வளவு கைகொடுத்தது. (அழுத்தும் நேரத்தில் கை கொஞ்சம் அசைந்தாலும் தாரை தோலைக் கிழித்துவிடும், அதுவும் உண்மை.)

சிக்கல் அதன் முனையில் இருந்தது. ஒரே முனை ஒருவர் தோளிலிருந்து அடுத்தவர் தோளுக்குப் போகிறது, மருந்து பாய்கிற வேகத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தமோ நிணநீரோ திரும்பத் தெறித்து அதில் ஒட்டிக்கொள்ளலாம், கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அந்த அளவே தாராளம். 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை மையம் ஒன்றுக்கு வந்தவர்களிடையே ஹெபடைடிஸ் பி பரவியது. விசாரித்துப் பார்த்தபோது அங்கே ஊசி மருந்து செலுத்தப் பயன்பட்ட ஜெட் இன்ஜெக்டரில் போய் நின்றது. படையில் இருந்ததும் அதுவும் ஒரே மாடல் இல்லைதான், ஆனால் முனையை மாற்றாமல் அடுத்தவருக்குப் போகிற முறை இரண்டிலும் ஒன்றே.

படைவீரர்கள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் 1942. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கெடாமல் இருக்க அதில் மனித ரத்தத்தின் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை) சேர்த்திருந்தார்கள், அந்தச் சீரத்தில் ஹெபடைடிஸ் பி இருந்திருக்கிறது. சுமார் 50,000 அமெரிக்க வீரர்கள் மஞ்சள் காமாலையில் விழுந்தார்கள். நோய் வெளியே தெரியாமல் தொற்று மட்டும் ஏறியவர்களையும் சேர்த்தால் 3 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று 1987-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அங்கே தவறு மருந்தில், கருவியில் இல்லை. ஆனாலும் உத்தரவு போட்டு ஒரே மூச்சில் லட்சக்கணக்கானவர்களுக்குச் செலுத்தும்போது ஒரு சின்னப் பிழை எவ்வளவு பெரிதாகும் பாருங்கள். போட்டுக்கொள்கிறவருக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் அநேகமாக இல்லை.

சரி, வேகம் வேண்டாமா என்றால் வேண்டும்தான். ஆனால் முகாமில் நேரம் போவது ஊசி குத்துவதில் இல்லை, அதற்குச் சில நொடி போதும். பெயரைச் சரிபார்க்க வேண்டும், முன்பு என்னென்ன போட்டிருக்கிறார்கள், ஒவ்வாமை உண்டா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், குப்பியிலிருந்து மருந்தை எடுக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், அப்புறம் கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்ச்களும் ஒழுங்கான பதிவேடும் இருந்தாலே வரிசை தானாக நகரும். 2002 டிசம்பரில் அமெரிக்கப் படை மறுபடியும் பெரியம்மைத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது எடுத்தது நுனி இரண்டாகப் பிரிந்த சாதாரண ஊசியைத்தான். எக்சிமா என்ற தோல் நோய் இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா, எதிர்ப்பு சக்தி குறைவா, கர்ப்பமா என்றெல்லாம் முன்கூட்டியே கேட்டுச் சிலரை விலக்கினார்கள். அப்படியும் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. கேள்வி கேட்கும் அந்த மேசையை நேரம் மிச்சம் பிடிக்க எடுத்துவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு இப்போது வரும் ஊசியில்லாக் கருவிகளைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அவற்றில் மருந்து இருக்கும் பகுதியும் முனையும் ஒருவருக்கு ஒன்று, போட்டதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். 2014-இல் அமெரிக்காவில் ஒரு ஃப்ளூ தடுப்பூசியை இப்படிப் போட அனுமதியும் கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அதே பக்கத்தில் நாலு வரியாவது வெளியிடுங்கள். படத்தை மட்டும் பார்த்த பலர் அந்தப் பழைய துப்பாக்கியே திரும்ப வந்தால் நல்லது என்று நினைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்