பில் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஊராட்சியில் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு கட்டிய குடும்பங்களுக்குத் துணை நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்த திட்டம் இது. 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவது இலக்கு. வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் ஊரறிந்த சங்கதி. வேலைக்குப் பின்னால்தான் பணம் வரும் என்பது மட்டும் அஸ்திவாரக் குழி தோண்டிய பிறகே பலருக்கு உறைக்கிறது. தரைமட்டம் வரை எழுப்பி, அளந்து, போட்டோ ஏற்றிய பிறகே முதல் பில், அதாவது முதல் தவணைப் பணம். அதுவரை செங்கல், மணல், கூலி எல்லாம் கைக்காசு அல்லது கடன். சிமெண்டும் கம்பியும் ஒன்றியம் மூலம் வாங்கினால் அதன் விலை பில்லில் கழிந்துவிடும். முழுத் தொகையும் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அங்கே இடிக்கும். நாங்கள் பார்த்தவரை, லின்டலோடு (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) நின்றுபோகும் வீடுகள் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. அதைத் தோள் கொடுத்துத் தாங்கியவர்களுக்கே இந்த மடல்.

கிராம நிர்வாக அலுவலருக்கும் சர்வேயருக்கும் முதல் நன்றி. மனை தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், பட்டியலில் பெயர் வந்தும் பயனில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பங்காளிகளின் சம்மதம், அதன் பிறகு உட்பிரிவு அளவை. இதில் ஒன்று முன்பின் ஆனாலும் மனு திரும்பிவிடும். எந்த வீட்டுக்கு எந்தத் தாள் குறைகிறது என்று நீங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததால் யாரும் வீணாகத் தாலுகா ஆபீசுக்கு அலையவில்லை. புறம்போக்கில் இருந்த குடிசைக்காரர்களிடம் இப்போதைக்கு முடியாது என்று நேராகச் சொல்லி, மனைப் பட்டாவுக்குத் தனியாக மனு எழுத வைத்தீர்கள். அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் இருந்த கூரையையும் பிரித்துப் போட்டிருக்கும்.

செங்கல் சூளை வைத்திருக்கும் சேம்பர்காரர் அண்ணன் முதல் பில் வரும்வரை செங்கல்லுக்குப் பணம் கேட்கவில்லை. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்று சொல்லிக் குவாரித் தூசி இறக்க வந்த லாரியைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். தூசி கலந்த கலவை தண்ணீரை அதிகம் குடிக்கும், காய்ந்ததும் வெடிக்கும். சிமெண்ட் அடுக்க நெல் குடோனில் இடம் தந்த பெரியவருக்கும் நன்றி. பலகை மேல், சுவரை ஒட்டாமல், 10 மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கியதால் மழைக்காலத்திலும் ஒரு மூட்டைகூடக் கட்டி தட்டவில்லை.

கொத்தனார்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். செங்கல்லை நனைக்காமல் வைத்தால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சுவர் பிடிமானம் இழக்கும். தண்ணீர் ஒரு தெரு தள்ளி இருந்தும் நீங்கள் நனைக்காமல் ஒரு கல் வைக்கவில்லை. 9 அங்குலச் சுவருக்கு 1:6 (ஒரு பங்கு சிமெண்ட், 6 பங்கு மணல்), நாலரை அங்குலச் சுவருக்கு 1:4 என்று கலவையைப் பிரித்தே போட்டீர்கள்.

கூரைதான் எல்லாவற்றிலும் பெரிய கண்டம். 300 சதுர அடிக்கு நாலரை அங்குலக் கனம் என்றால் சுமார் 112 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 25, 26 மூட்டை சிமெண்ட் பிடிக்கும்; சன்ஷேடு கணக்குத் தனி. மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். இழுத்துப் பரப்ப லேசாக இருக்கும் என்று கூடுதலாக ஊற்றினால், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் ஐப்பசி மழையில் ஒழுகும். பணி மேற்பார்வையாளர் கான்கிரீட் போடும் நாளில் விடியற்காலையே வந்து, கம்பிக்கு அடியில் அதைத் தூக்கி நிறுத்தும் முக்கால் அங்குலக் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அது இல்லாவிட்டால் கம்பி அடியில் தாங்கும் சென்ட்ரிங் தகட்டோடு ஒட்டிக் கிடந்து, பிற்பாடு துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழும். ஒரு வீட்டில் ஃபேன் பெட்டியும் ஒயர் பைப்பும் பதிக்காமல் கலவை தயாரானது. எலக்ட்ரீசியன் தம்பி ஓடிவந்து பதித்தார். இல்லையென்றால் புதுக் கூரையைப் பிறகு கொத்த வேண்டியிருந்திருக்கும்.

கூரைக்கு முட்டும் தகடும் வாடகைக்குத் தந்த சென்ட்ரிங் உரிமையாளருக்கு இரட்டை நன்றி. நாலரை மீட்டருக்கு உட்பட்ட அறைக்கு 7 நாளில் முட்டு எடுக்கலாம் என்கிறது விதி. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் மெதுவாகத்தான் வலு ஏறும் என்பதால் 14 நாள் விட்டுவைத்தீர்கள். அடுத்த வேலைக்குத் தகடு தேவைப்பட்டும், கூடுதல் நாளுக்கு வாடகை கேட்கவில்லை. மேலே பாத்தி கட்டி 10 நாள் தண்ணீர் நிறுத்த மோட்டார் போட்டுக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காமார்களே, கரண்ட் பில் உங்களுடையது. நாங்கள் மறக்கவில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ள வீட்டுக்கு நடந்தது தனியாகச் சொல்ல வேண்டியது. தரைமட்டம் ஒன்றரை அடி என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வாசலில் அந்த நீளம் இல்லை. செங்குத்தாகப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது, பக்கத்து மனைக்காரர் வேலியை உள்ளே தள்ளி, சாய்தளம் திரும்புவதற்கு 5 அடிச் சதுரத்தில் சமதளம் போட இடம் விட்டார். கதவு நிலையை 3 அடியாகச் செய்து தந்த ஆசாரிக்கும் கும்பிடு. பிறர் தூக்கிவிடாமல் அந்த வீட்டுக்காரர் இப்போது தானே வெளியே வந்து போகிறார்.

கழிப்பறைக் குழி வெட்டியவர்கள் இரட்டை உறிஞ்சு குழிகளின் அடியில் சிமெண்ட் பூச மறுத்தது சரியே. பூசினால் நீர் மண்ணில் இறங்காது, குழி சீக்கிரம் நிரம்பி வழியும். இரண்டு குழிக்கும் நடுவே ஒரு மீட்டர் விட்டு, குழாய் இரண்டாகப் பிரியும் ஒய் பிரிவில், ஒரு நேரத்தில் ஒரு குழிக்கே போகும்படி ஒரு வழியை அடைத்தும் காட்டினீர்கள்.

லின்டலுக்கும் கூரைக்கும் நடுவே மகளிர் குழுக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து உள்கடன் தந்தன. தவணை வந்த பிறகு திருப்பினால் போதும் என்று தீர்மானமே எழுதினார்கள். ஆதார், பாஸ்புக், பட்டா மூன்றிலும் இனிஷியல் வேறுபட்டதை முதல் பில்லுக்கு முன்பே கண்டுபிடித்துத் திருத்த வைத்த வங்கி முகவருக்கும் நன்றி.

இரவல் வாங்கிய தார்ப்பாய், டிரம், ஏணி எல்லாம் நூலகத் திண்ணையில் கழுவி வைத்திருக்கிறோம். பெயர் எழுதாத தார்ப்பாய் 2 இருக்கிறது, உரியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலை முடியாத வீடுகளுக்கு ஏணி இன்னும் தேவைப்படும், அதை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
வீடு கட்டிய குடும்பங்களும் உடன் உழைத்தவர்களும்