பாட்ரிக் பியர்ஸ் நடத்திய பள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். டப்ளின் தலைமை அஞ்சலகத்தின் முன் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்த பாட்ரிக் பியர்ஸ், மே 3ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டதைக் கட்டுரையாளர் உருக்கமாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மனிதர் தம் வாழ்நாளெல்லாம் செய்த வேலையைக் 'கவிஞர், பள்ளி ஆசிரியர்' என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். சேலம் வட்டாரத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கு மிகவும் வேண்டியது அந்த விடுபட்ட பகுதிதான்.

1879இல் டப்ளினில் பிறந்த பியர்ஸ், ஐரிஷ் மொழியை மீட்கத் தோன்றிய கேலிக் லீகில் 1896இல் சேர்ந்தார். 1903 முதல் 1909 வரை அதன் வார இதழுக்கு ஆசிரியராக இருந்தார். சட்டமும் படித்தவர். தன் வண்டியில் ஐரிஷ் எழுத்தில் பெயர் எழுதியதற்காக அபராதம் விதிக்கப்பட்ட ஒருவருக்காக நீதிமன்றத்தில் வாதாடித் தோற்றார். 1905இல் பெல்ஜியம் சென்று, பிளெமிஷ், பிரெஞ்சு என இரு மொழிகளில் பாடம் நடக்கும் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததைத் தம் இதழில் தொடராக எழுதினார்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1908 செப்டம்பரில் டப்ளினில் புனித எண்டா பள்ளியைத் தொடங்கினார். பாடம் ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. மாணவர் தலைவரை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டவேலையும் நாடகமும் பாடவேளைக்குள்ளேயே இருந்தன. தம்பி வில்லி ஓவியம் கற்பித்தார்; கவிஞர் தாமஸ் மக்டொனா இலக்கியம் நடத்தினார். 1913 மே மாதம் இந்தப் பள்ளிக்கு நிதி திரட்ட டப்ளின் அபே அரங்கில் பியர்ஸின் நாடகத்தோடு சேர்ந்து மேடையேறியது எது தெரியுமா? நம் தாகூரின் 'அஞ்சலகம்'. அறைக்குள் அடைபட்டு, சன்னல் வழியே உலகத்தைப் பார்த்து ஏங்கும் அமல் என்ற சிறுவனின் கதை. தாகூருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். 1910இல் பெரிய வளாகத்துக்கு மாறியதால் பள்ளி கடனில் விழுந்தது. பியர்ஸ் 1914இல் அமெரிக்கா வரை போய்ப் பணம் திரட்டினார்.

அவர் எதிர்த்தது எதை என்பதை நம் ஊர்ப் பெற்றோர் அறிய வேண்டும். 1878இல் வந்த ஒரு சட்டப்படி, அயர்லாந்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்துத்தான் பணம் கிடைத்தது. அதனால் பள்ளிகள் தேர்வுக்காகவே பிள்ளைகளைத் தயாரித்தன. இந்த ஏற்பாட்டை 'கொலை எந்திரம்' என்ற சிறுநூலில் பியர்ஸ் கிழித்தெறிந்தார். 1916 ஜனவரியில், சாவதற்கு நான்கே மாதம் முன்பு, அது வெளிவந்தது.

எனக்கு அது நூறாண்டுக்கு முந்தைய செய்தியாகத் தெரியவில்லை. இந்த வட்டாரத்தில் ஓர் உறைவிடப் பள்ளியில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். ஜூன் மாதம் கொடுத்த பிளஸ் ஒன் தமிழ்ப் புத்தகத்தின் அட்டை மார்ச்சிலும் மடங்காமல் இருக்கும். இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடம்தான். இரவு ஒன்பது மணிக்கும் டியூப் லைட் வெளிச்சத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களுக்கு விடை எழுதிக்கொண்டிருப்பார்கள். மதிப்பெண் வராத செய்யுளை நடத்தாதீர்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

இப்போது ஏற்காட்டு மலையில் ஓர் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள். குறிஞ்சிப் பாடல் ஒன்றில் தலைவி தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதை விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "எங்கள் பாட்டி இன்னமும் சாமைக் கொல்லையில் தகரம் தட்டி ஓட்டுகிறார், டீச்சர். கிளி கதிரை முழுசாகத் தின்னாது, கொத்திக் கொத்தி உதிர்த்துவிட்டுப் போய்விடும்" என்றாள். அதற்கு மேல் அந்த வகுப்பை நடத்தியவள் அவள்தான். எந்தத் தேர்விலும் இது கேட்கப்படாது. ஆனால் அந்தச் செய்யுள் அந்த வகுப்பில் யாருக்கும் இனி மறக்காது.

பியர்ஸின் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. போர்க்களத்தில் சிந்தும் ரத்தத்தைப் புகழ்ந்து அவர் எழுதிய வரிகளைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அவருடைய பழைய மாணவர்கள் சிலரும் அந்த எழுச்சியில் துப்பாக்கி ஏந்தினார்கள் என்பது ஓர் ஆசிரியையாக என்னை உறுத்துகிறது. தம்பி வில்லியும் மக்டொனாவும்கூடச் சுடப்பட்டார்கள். ஆனால் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்தபோது பியர்ஸ் எழுதிய கவிதையில் போர் இல்லை. மரத்தில் தாவும் அணில், தண்டில் ஊரும் சிவப்பு வண்டு, மாலை வயலில் முயல்குட்டிகள், கடற்கரை மணலில் வெறுங்காலோடு குழந்தைகள் என்று போகிறது அது.

பிளஸ் ஒன் பாடத்தைப் பல பள்ளிகள் தொடுவதே இல்லை என்பதால்தான் 2017-18இல் அதற்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025ஆம் ஆண்டின் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு பொதுத்தேர்வு இறங்கியதை மனமார வரவேற்கிறேன். ஆனால் பழைய குறுக்குவழியும் கூடவே திறந்துகொள்ளும். கல்வித்துறை அதிகாரிகள் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே, முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்குப் போய் பிளஸ் ஒன் மாணவர்களின் நோட்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும். அறிக்கை வாங்கிக் கோப்பில் வைத்தால் போதாது.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பியர்ஸின் கல்விக் கட்டுரைகளில் சில பகுதிகளையாவது தமிழாக்கி, பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பில் உதவ நானும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.