சுவோரினின் பதிலை எங்கே படித்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் பற்றிய கட்டுரையில், அவருடைய நண்பரும் பதிப்பாளருமான சுவோரினைக் குறித்து, ‘சுவோரின் உருக்கமாகப் பதில் எழுதினார்’ என்று சொல்லி, மேற்கோள் குறிக்குள் நான்கு வரியும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைக் கட்டுரையாளர் எங்கே படித்தார்? 1904இல் செகாவ் இறந்ததும் சுவோரின் தன் கடிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அவை கிடைக்கவே இல்லை. மிஞ்சியவை செகாவ் அவருக்கு எழுதிய முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள்தான். சுவோரினுடைய நாட்குறிப்பு 1923இல் அச்சாயிற்று. அதிலிருந்து எடுத்த வரிகள் என்றால் அப்படியே சொல்லுங்கள். தனக்காக எழுதி வைத்ததை நண்பருக்கு எழுதியதாக மாற்றக் கூடாது.

தொலைந்த பதில்களில் என்ன இருந்தது என்பதைச் செகாவின் கடிதங்களை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். ‘மருத்துவம் என் மனைவி, இலக்கியம் என் காதலி’ என்ற வரியை ஆண்டுதோறும் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். அது 1888 செப்டம்பர் 11 கடிதம். இரண்டு முயல்களைத் துரத்தாதே, மருத்துவத்தை விடு என்று சுவோரின் சொன்ன யோசனைக்கு மறுமொழி அது. முன்வரியை வெட்டிவிட்டால் பதிப்பாளரின் அக்கறையும் சேர்ந்து போய்விடுகிறது.

பிரான்ஸில் தேசத்துரோகி என்று பொய்யாகத் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி ட்ரேஃபஸின் வழக்கோடு இருவரின் கடிதப் போக்குவரத்தே நின்றதாக எழுதியதும் தவறு. 1898 பிப்ரவரி 6 அன்று நீஸ் நகரிலிருந்து செகாவ், ட்ரேஃபஸுக்காகக் குரல் கொடுத்த பிரெஞ்சு எழுத்தாளர் ஸோலாவுக்காக வாதாடி, எதிர்ப்பக்கம் நின்ற பத்திரிகையின் உரிமையாளரான சுவோரினுக்கு எழுதிய பின் பழைய நெருக்கம் இல்லை, உண்மைதான். ஆனால் 1899இல் நூலுரிமையை 75,000 ரூபிளுக்கு மார்க்ஸ் என்ற வேறு பதிப்பாளருக்கு விற்றபோதும் சுவோரினுக்கு எழுதினார். 1903 வரை எழுதினார்.

தேதிக் குழப்பம் உங்கள் இதழில் புதிதல்ல. செகாவ் இறந்த நாள் ஓர் இதழில் ஜூலை 2, இன்னொன்றில் ஜூலை 15. இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யாவில் அப்போது பழைய (ஜூலியன்) காலண்டர். அதை இன்றைய காலண்டர் தேதியாக்க, 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்ட வேண்டும், 1900 மார்ச் முதல் 13 நாள். எந்தக் காலண்டர் என்று ஒரு சொல் போதும். பல முறை எழுதியும் நீங்கள் கவனிக்காதது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த இதழில் அந்த நான்கு வரிக்குத் திருத்தம் போடுங்கள். இனி கடித மேற்கோள் ஒவ்வொன்றின் கீழும் தேதி, ஊர், யாருக்கு என்ற மூன்றும் வரட்டும். செகாவ் படைப்புகளின் 30 தொகுதி ரஷ்யப் பதிப்பில் 12 தொகுதிகள் கடிதங்கள், அவையும் தேதி வரிசையில். தேதி இருந்தால் வேண்டியவர் தேடிப் பிடித்துக்கொள்வார்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
காரைக்குடி