சித்தப்பாவுக்கு, பிரம்ரனிலிருந்து

பிரம்ரன், ஒன்ராறியோ
மாசி மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நானும் வீட்டாரும் சுகம். சித்தியின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறதாம் என்று தங்கச்சி சொன்னாள், சந்தோசம். நீங்கள் அனுப்பிய புழுக்கொடியல் வந்து சேர்ந்தது. பாதியை வீட்டில் கொடுத்துவிட்டு மீதியை லொறியில் வைத்திருக்கிறேன். இரவு ஓட்டத்தில் நித்திரை தூங்காமல் இருக்கக் கோப்பியைவிட அதைச் சப்புவது நல்லது.

போனில் கதைத்தபோது, "ஆரோ ஓடிக் களைத்த லொறியை ஏன் வாங்கினாய், என்னதான் வருத்தம் அதுக்கு?" என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் விளங்காது என்றுதான் இந்தக் கடிதம். சுன்னாகத்தில் லொறிக்கு அடியிலேயே பாதி வயதைக் கழித்த உங்களுக்கு இது பிடிக்கும். சித்திக்கு வாசித்துக் காட்டவேண்டாம், கொட்டாவி விடுவா.

எஞ்சின், கியர், பிறேக் ஒன்றிலும் குறையில்லை. நான் இருந்து ஓட்டும் கபின்தான் குலுங்கி அடித்தது. எங்கள் பக்கத்துப் பழைய லொறிகளில் கபினை லொறியின் அடிச்சட்டமான சேஸியில் ரப்பர் வைத்து போல்ட் போட்டு இறுக்கிவிடுவோம், குலுங்கினால் குலுங்கட்டும் என்று. இங்கே அப்படி விடமுடியாது. 401 நெடுஞ்சாலை மட்டும் 828 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை போகும் ஏ9 வீதி அதில் பாதியும் வராது. ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டச் சட்டம் விடுகிறது. ஓடி முடிந்தால் படுக்கையும் அதே கபினுக்குள்தான். அதனால் இந்த மூக்கு நீண்ட லொறிகளில் கபினுக்கென்று தனியாக சஸ்பென்சன் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு ரப்பர் மவுண்டில் கதவுப் பிணைச்சல்போல நிற்கும். பின்பக்கம் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகள், அதுதான் எயார் பாக், இரண்டு. ஆட்டத்தை அடக்க ஷொக் இரண்டு. கபின் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கக் குறுக்கே ஒரு இரும்புத் தண்டு, றொட். எயார் பாக்குக்குக் காற்றை விடவும் எடுக்கவும் சின்னக் கையொன்று வைத்த ஒரு வால்வு. கபின் தாழ்ந்தால் அந்தக் கை மேலே போகும், காற்று ஏறும். கபின் உயர்ந்தால் கை கீழே வரும், காற்று கழியும்.

பாலத்தின் மூட்டுகளில் ஏறும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் "டங்" என்று ஒரு அடி. வளைவில் திரும்பினால் இன்னொரு "டொக்". லொறி யார்ட்டுக்குப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் காட்டினேன். வந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எயார் பாக் இரண்டு, ஷொக் இரண்டு, வால்வு, முன் மவுண்ட் எல்லாம் மாற்றவேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். இங்கே சாமானைவிட ஆளின் மணித்தியாலத்துக்குத்தான் விலை. பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட எல்லாவற்றையும் கழற்றிப் போடுவது அவர்களுக்கு லாபம். நீங்கள் மூட்டுக்குள் வைக்கும் புஷ் வளையம் ஒன்றைக் கடைசல் பிடித்துப் போட்டுக்கொடுத்த கதையை இங்கே சொன்னால் சிரிப்பார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னோடு யார்ட்டில் நிற்கும் பஞ்சாபிக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். இங்கே லொறித் தொழிலில் அவர்கள் நிறையப் பேர். தேநீர் மட்டும் எங்களைவிட இனிப்பாகக் குடிப்பார்கள்.

முதலில் சீற்றின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சீற்றுக்கும் தனி எயார் பாக் இருப்பதால், அடி சீற்றிலிருந்தா கபினிலிருந்தா என்று பிரிக்காவிட்டால் வீண் அலைச்சல். அடி அப்படியே இருந்தது. வேகத்தோடு கூடிக் குறையும் நடுக்கமென்றால் ரயர், றிம், புரொப்பெலர் சாப்ட் என்று தேடலாம். இது வேகத்தைப் பார்க்கவில்லை, பள்ளத்தையும் மேட்டையும் பார்த்து அடித்தது. அப்போ கபின்தான்.

காலையில் எஞ்சினைப் போடுமுன் கபின் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்தேன். இரவு முழுக்க நின்று கொஞ்சம் தாழ்வது பெரிய விசயமில்லை. தேநீர் குடித்து வருவதற்குள் ஒரு பக்கம் படுத்தால்தான் ஓட்டை. எஞ்சினைப் போட்டவுடனே கபின் எழும்பவும் மாட்டாது. பிறேக் தாங்கிக்கு வேண்டிய காற்று சேர்ந்த பிறகுதான் மற்றவைக்குக் காற்று போகும். எயார் பாக் வெடித்தாலும் பிறேக் காற்று போகக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. அமுக்கம் 120 பிஎஸ்ஐ அளவுக்கு வந்ததும் சவர்க்காரத் தண்ணீரை பாக்கின் மடிப்பிலும் குழாய் மூட்டுகளிலும் அடித்துப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. ரப்பரிலும் வெடிப்பில்லை. அந்தத் தாளில் முதல் வரி அங்கேயே வெட்டுப்பட்டது.

ஷொக் பார்க்க ஒரு வழி சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். கரடுமுரடான றோட்டில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு உடனே இறங்கிக் கையை வைத்துப் பாருங்கள். வேலை செய்யும் ஷொக் சுடும், செத்தது குளிர்ந்தே இருக்கும். இந்தக் குளிரிலும் இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடாக இருந்தன. எண்ணெய் வடிந்த அடையாளமும் இல்லை. முன் மவுண்டுக்குக் கீழே கம்பி கொடுத்து நெம்பிப் பார்த்தோம், ரப்பர் இறுக்கமாகத்தான் இருந்தது. வழுக்காமல் இருக்க றோட்டில் கொட்டும் உப்பு சில லொறிகளில் போல்ட் துளையையே தின்றிருக்கும். இதில் தப்பியிருக்கிறது.

மிஞ்சியது வால்வும் குறுக்கு றொட்டும். கபினைப் பார்த்தால் வழக்கத்தைவிட உயரமாக நிற்பதுபோல ஒரு சந்தேகம். அதே மொடல் லொறி இன்னொன்று யார்ட்டில் நின்றது, அதையும் அளந்தோம். என்னுடையது இரண்டு விரல்கட்டை உயரம். கபினில் இருக்கும் வால்வின் கையைச் சேஸியோடு இணைக்கும் சின்னக் கம்பி புதுசாக மினுங்கியது. முந்தின சொந்தக்காரர் வேறு நீளக் கம்பி போட்டிருக்கிறார். கம்பியைக் கழற்றிக் கையை உயர்த்தினால் காற்று ஏறியது, தாழ்த்தினால் கழிந்தது. அப்போ வால்வு நல்லது, கம்பிதான் நீளம் பிழை. அதனால் பாக் எப்போதும் ஊதிப்போய் நிற்க, ஷொக் முழுக்க நீண்டு, ஒவ்வொரு மேட்டிலும் அதன் எல்லையில் போய் இடித்திருக்கிறது. "டங்" அதுதான்.

"டொக்"குக்கு பஞ்சாபிக்காரரைப் படியில் ஏறி நின்று கபினை இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். நான் கபினுக்கும் சேஸிக்கும் இடையில் கையை விடாமல் தள்ளி நின்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்கு றொட்டின் ஒரு பக்க புஷ்ஷில் ரப்பர் கிழிந்து, உள்ளே இரும்புக் குழாய் இரும்பிலேயே உரசிப் பளபளவென்று இருந்தது. ஆட்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம்.

ரயருக்குக் கட்டை வைத்து, காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சரியான நீளக் கம்பியும் ஒரு புஷ்ஷும் போட்டோம். வேறொன்றும் மாற்றவில்லை. பழைய புஷ்ஷை அழுத்தி எடுக்கத்தான் பட்ட பாடு! துரு அப்படி. பக்கத்துக் கடையில் பிரெஸ் இரவல் வாங்கவேண்டி வந்தது. இப்போது பாலத்தில் ஏறினால் ஒரு மெல்லிய எழும்பல், அவ்வளவுதான்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. மற்றப் பக்கப் புஷ்ஷில் இன்னும் ரப்பர் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. அதையும் இப்போதே மாற்றவா, கோடை வரட்டும் என்று விடவா? பஞ்சாபிக்காரர் விடச் சொல்கிறார். எனக்கு மாற்றத்தான் மனம். படம் எடுத்துத் தங்கச்சியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஞாயிறு சொல்லுங்கள். ஒன்று மட்டும், சித்திக்கு மருந்துக்கு அனுப்பும் காசில் உங்கள் கராஜுக்கு சாமான் வாங்கவேண்டாம். அதற்கு வேறாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்
குகன்