நர்ஸம்மா நடிக்கப் போன கதை

பாப்பா,

போன ஞாயித்துக்கிழமை போன்ல நான் கத்துனதுக்கு நீ இன்னும் கோவமாத்தான் இருப்ப, அதான் உக்காந்து டைப் பண்றேன், வாய்ஸ் மெசேஜ் போட்டா நடுவுல அழுதுருவேன். 43 வயசுல நாடகக் குழுவுல சேந்துட்டேன்னு நீ சொன்னதும் எனக்கு முதல்ல வந்தது நாலு பேரு என்ன பேசுவாங்கங்கறதுதான், பிள்ளைங்க படிப்பு, வீட்டு லோனு எல்லாம் அப்புறந்தான் வந்துச்சு. உங்கிட்ட என்னத்த மறைக்க.

ராத்திரி தூக்கம் வராம கெடந்தப்பதான் அந்த கிழவி ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் அங்க வந்திருந்தப்ப நீங்க ஆபீஸ் போனதும் சப்டைட்டில் போட்டு டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்னு ஒரு அமெரிக்க சீரியல் பாத்துக்கிட்டு இருப்பேனே, அதுல பக்கத்து வீட்டு மிசஸ் மெக்ளஸ்கி, புருஷன் செத்ததை வெளிய சொன்னா பென்ஷன் நின்னுரும்னு பாடிய வீட்டுக்கு அடியில ஃப்ரீசர்ல வெச்சிருப்பா, நான் சிரிச்சு சாப்பாடு புரையேறிப்போச்சு. அதுல நடிச்ச அந்தம்மா பேரு கேத்ரின் ஜூஸ்டன். மாப்பிள்ளை போன்ல தேடிக் குடுத்தாரு, படிச்சா அவங்களும் நர்ஸு! அதுவும் உங்க சிகாகோவுல, மைக்கேல் ரீஸ் ஆஸ்பத்திரியில மனநல வார்டுல. 31 வருஷம் வார்டுல நின்னவளுக்கு அதைப் படிச்சா எப்டி இருக்கும் சொல்லு.

அவங்க வீட்டுக்காரரு மனநல டாக்டரு, ரெண்டு பசங்க, 1980ல டைவர்ஸ். 42 வயசுல ஊர்ப்பக்கத்து நாடகத்துல நடிக்க ஆரம்பிச்சிருக்காங்க, நடிப்புல சோறு வருமா, அதனால வால்பேப்பர் ஒட்டுற வேலைக்கெல்லாம் போய்த்தான் பசங்களைப் பாத்திருக்காங்க. பின்னால டிவி நடிப்புக்கு அவங்க வாங்குன எமி அவார்டை விட எனக்கு இந்த வால்பேப்பர்தான் பிடிச்சது. 1992ல ஃப்ளோரிடாவுல டிஸ்னி பார்க்குல, வர்ற ஜனங்க முன்னாடி தெருவுல வேஷம் கட்டி நடிக்கிற வேலை, அதுவும் நிலைக்கல. 1995லதான் ஹாலிவுட்டுக்குப் போறாங்க, 55 வயசு, நம்ம ஊர்ல அந்த வயசுல எந்த பல் ஆடுதுன்னு பாத்துக்கிட்டு இருப்போம். சின்னச் சின்ன வேஷமா போட்டு, 1999ல தி வெஸ்ட் விங் சீரியல்ல பிரசிடென்ட்டோட செக்ரட்டரி மிசஸ் லேண்டிங்ஹாம். 42லேர்ந்து எண்ணிப் பாரு, பதினேழு வருஷம். நீ என்னன்னா ஆறு மாசத்துல வசனமே குடுக்கலன்னு மூக்கைச் சிந்துற.

அந்த சீரியல்ல ஒரு சீன் பேரன் போட்டுக் காட்டுனான். ஆபீஸ்ல நின்னுக்கிட்டு ஒரு பையன்கிட்ட சொல்லுவாங்க, என் ரெட்டைப் பசங்க ரெண்டு பேரும் வியட்நாம் சண்டையில செத்துட்டாங்க, 1970 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரின்னு. அழல, குரல் கூட ஏறல. எனக்குத் தெரியும் பாப்பா அந்தக் குரல். வார்டுல ஒரு பெட் காலியானா அடுத்த பெட்டுக்கு ஊசி போடப் போறப்ப நாங்க வெச்சிக்கிற குரல் அது, அது எந்த கிளாஸ்லயும் சொல்லிக் குடுத்து வர்றதில்ல.

2005லயும் 2008லயும் மெக்ளஸ்கிக்கு எமி குடுத்தாங்க. ஆனா 2001லயே அவங்களுக்கு நுரையீரல் கேன்சர், 2009ல திரும்ப. சீரியலோட கடைசி எபிசோட்ல மெக்ளஸ்கியும் கேன்சர்ல சாவா, அது ஓடுனது 2012 மே 13, அந்தம்மா போனது ஜூன் 2. இருபதே நாளு, 72 வயசு. நெஞ்சுக்குள்ள அதையே வெச்சுக்கிட்டு அதையே நடிச்சிருக்காங்கன்னு நெனச்சா எனக்கு அன்னைக்கு சோறே எறங்கல.

வேலைய மட்டும் இப்ப விட்டுறாத, அந்தம்மா கூட வால்பேப்பர் ஒட்டிக்கிட்டேதான் நடிக்கப் போனாங்க. ரிகர்சல் இருக்குற சாயங்காலம் பிள்ளைங்களை வீடியோ கால்ல என்கிட்ட விட்டுரு, எனக்கு அப்ப விடியக்காலைதானே, எப்படியும் முழிச்சுத்தான் இருப்பேன், கணக்குப் பாடம் நான் பாத்துக்குறேன்.

வேஷம் கட்டுன போட்டோ அனுப்பு. குடும்ப குரூப்ல போட்டுறாத, எனக்கு மட்டும். அப்பாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கிறேன்.

அம்மா